52 நாளில் 4 மணி நேரம்: வேலைக்கு வந்தவர் ஏன் பாதியில் போகிறார்?

கோவைப் பக்கம் பம்ப் உதிரிபாகங்கள் செய்யும் நடுத்தர நிறுவனம் ஒன்றில் மனிதவள மேலாளராக இருக்கும் ஒரு சகோதரி எழுதியிருக்கிறார். அடையாளம் தெரியாதபடி அவர் கடிதத்தைச் சுருக்கித் தருகிறேன்.

"போன வருஷம் டிசைன், தரக் கட்டுப்பாடு, கொள்முதல் பிரிவுகளுக்கு 40 பேரை முதல் கட்டத் தேர்வுக்கு எடுத்துக்கொண்டோம். 19 பேர் நடுவிலேயே காணாமல் போனார்கள். போன் எடுப்பதில்லை, வாட்ஸப்பில் நீல டிக் மட்டும் விழுகிறது. மிச்சத்தில் 12 பேரை நாங்களே வேண்டாமென்றோம். ஆஃபர் கொடுத்த 9 பேரில் 4 பேர் சேரவே இல்லை. எங்களிடம் ஏழு கட்டம்: பதினொரு பக்க விண்ணப்பம், போன் பேச்சு, ஆன்லைன் டெஸ்ட், டெக்னிக்கல் ரவுண்டு, வீட்டில் செய்துவரும் டிசைன் வேலை, பிளான்ட் ஹெட், கடைசியில் எம்.டி. (நிர்வாக இயக்குநர்). சம்பளப் பேச்சு எம்.டி. அறையில்தான். 'இந்தக் காலத்துப் பசங்களுக்குப் பொறுமை இல்ல, சம்பளத்துக்கு ஓடுறாங்க. நல்ல ஆளுன்னா காத்திருப்பான்' என்கிறார் எம்.டி. இனி ஆஃபர் கொடுக்கும்போதே ஒரிஜினல் சர்டிபிகேட்டை வாங்கி வைக்கச் சொல்கிறார். சேராவிட்டால் 50,000 ரூபாய் என்று எழுதி வாங்கி, கையெழுத்துப் போட்ட செக்கும் வாங்கச் சொல்கிறார். மன உறுதியைச் சோதிக்க இன்னொரு டெஸ்ட்டும் சேர்க்க வேண்டுமாம். இதெல்லாம் சட்டப்படி சரியா? சரி என்றாலும் பலன் இருக்குமா? போன மாதம் ஈரோட்டிலிருந்து வந்த ஒரு பெண், நல்ல கைத்திறன், 'மேடம், இதுக்கு மேல லீவு கேட்டா இருக்கிற வேலையும் போயிடும்' என்று சொல்லிவிட்டு விலகினாள். அந்த வார்த்தை மனசில் நிற்கிறது. இப்போதும் ஒரு டிசைனர் எல்லாக் கட்டமும் முடித்துவிட்டு ஒன்பது நாளாக எம்.டி. கையெழுத்துக்குக் காத்திருக்கிறார்."

அன்புள்ள சகோதரிக்கு,

சேராமல் போன நால்வரில் ஒருவரின் தேதிகளைக் கடிதத்தின் பின்பக்கம் வரிசையாக எழுதியிருக்கிறீர்கள். கடிதத்தில் நான் அதிக நேரம் பார்த்தது அந்தப் பக்கத்தைத்தான். ஜூன் 2 விண்ணப்பம். ஜூன் 9 போன், 20 நிமிடம். ஜூன் 16 ஆன்லைன் டெஸ்ட், ஒன்றரை மணி நேரம். ஜூன் 23 டெக்னிக்கல், ஒரு மணி நேரம். ஜூலை 1 டிசைன் வேலை கொடுத்தது. ஜூலை 14 பிளான்ட் ஹெட், முக்கால் மணி நேரம். ஜூலை 24 எம்.டி., மூன்று மணி நேரம் வெளியே உட்காரவைத்து அரை மணி நேரம் பேச்சு.

கூட்டிப் பாருங்கள். ஜூன் 2 முதல் ஜூலை 24 வரை 52 நாள். அதில் உங்கள் நிறுவனம் அந்த மனிதரோடு செலவழித்தது நாலு மணி நேரமும் ஐந்து நிமிடமும். மீதி நாளெல்லாம் அவருடைய விண்ணப்பம் யாரோ ஒருவர் மேஜையில் கிடந்திருக்கிறது. பிளான்ட் ஹெட்டுக்கு ஸ்டாக் கணக்கெடுப்பு, எம்.டி. ராஜ்கோட் போயிருந்தார் என்று காரணங்களை நீங்களே எழுதியிருக்கிறீர்கள். எல்லாம் நியாயமான காரணங்கள்தான். ஆனால் வெளியே இருப்பவருக்கு அவை தெரியாது. அவருக்குத் தெரிவது மௌனம் மட்டும். ஒரு வாரம் மௌனம் என்றால் "நம்மை வேண்டாமென்றுவிட்டார்கள்" என்றுதான் யாரும் எடுத்துக்கொள்வார்கள். நீங்கள் பத்தாம் நாள் கூப்பிடும்போது அவர் மனதளவில் உங்கள் வாசலைத் தாண்டிப் போயிருப்பார். போன் எடுக்காதது மரியாதைக் குறைவுதான், மறுக்கவில்லை. ஆனால் அந்தப் பழக்கத்தை முதலில் ஆரம்பித்தது யார்? நீங்கள் வேண்டாமென்ற 12 பேருக்கும் அதை ஒரு வரியில் சொன்னீர்களா? கடிதத்தில் அது இல்லை.

இன்னொன்றும் அந்தத் தேதிகளில் இருக்கிறது. ஜூலை 24 ஆடி மாதம். ஆடியில் புது வேலைக்குச் சேர நம் வீடுகளில் எத்தனை அம்மாக்கள் ஒத்துக்கொள்வார்கள்? ஆள் வாய்விட்டுச் சொல்ல மாட்டார், "ஆவணி பிறக்கட்டும் மேடம்" என்பதை வேறு ஏதோ காரணமாக மாற்றிச் சொல்வார். சரி, அவருக்கு 60 நாள் நோட்டீஸ் என்று எழுதியிருக்கிறீர்கள். ஜூலைக் கடைசியில் ராஜினாமா கொடுத்தால் செப்டம்பர் கடைசியில்தான் விடுவிப்பார்கள். அப்போது தீபாவளி எதிரே நிற்கும். இன்னும் சில வாரம் இருந்தால் கையில் போனஸ் என்னும்போது யார் கிளம்புவார்? "கொஞ்சம் தள்ளிச் சேரட்டுமா" என்று கேட்பார், உங்கள் ஆட்கள் முகம் சுளிப்பார்கள், பழைய நிறுவனமோ அந்த இடைவெளியில் இரண்டாயிரம் மூவாயிரம் கூட்டிக் கொடுத்து உட்காரவைத்துவிடும்.

இதே ஆளுக்கு ஜூன் 20ஆம் தேதி ஆஃபர் கொடுத்திருந்தால்? அறுபது நாள் கழித்து ஆகஸ்ட் 19. ஆடி முடிந்து ஆவணி பிறந்திருக்கும், தீபாவளி இன்னும் தூரத்தில் இருக்கும். அதே மனிதர், அதே சம்பளம், அதே வேலை. உங்கள் ஐந்து வாரத் தாமதம் அவரை ஆடிக்கும் தீபாவளிக்கும் நடுவில் கொண்டுபோய் மாட்டிவிட்டது. கோவை, திருப்பூர், ஈரோடு வட்டாரத்தில் ஆள் எடுப்பவர்கள் சுவரில் தினக்காலண்டரை மாட்டிவைத்துக்கொண்டு வேலை செய்ய வேண்டும் என்று நான் சொல்வது விளையாட்டுக்கு அல்ல.

போனஸ் பேச்சு வந்ததால் ஒரு சிறு விளக்கம். 2025 நவம்பரில் ஊதியச் சட்டத் தொகுப்பு நடைமுறைக்கு வரும் வரை இருந்த போனஸ் சட்டத்தின்படி, மாதம் 21,000 ரூபாய் வரை வாங்கியவருக்குக் குறைந்தது 8.33 சதவீதம் இருந்தது. முந்தைய கணக்காண்டுக்கு உரிய தொகை, நடுவில் விலகியவருக்கும் சேர வேண்டியதுதான். ஆனால் உங்கள் பொறியாளர்கள் அந்த வரம்புக்கு மேல் வாங்குபவர்கள். அவர்களுக்கு வருவது நிறுவனம் தானாகக் கொடுக்கும் தொகை, தீபாவளியன்று ஊழியர் பட்டியலில் இருந்தால்தான் கிடைக்கும். அதை இழந்து வருபவருக்கு நீங்கள் ஈடுகட்ட முன்வந்தால் பாதிப் பிரச்சினை ஓய்ந்துவிடும். அதேபோல நாலரை வருடம் ஓரிடத்தில் இருந்தவர் தயங்கினால் கிராஜுவிட்டி, அதாவது ஐந்து வருடம் வேலை பார்த்தவருக்கு விலகும்போது கிடைக்கும் பணிக்கொடை, அந்தக் கணக்கைப் பாருங்கள். ஐந்தாம் ஆண்டில் 240 நாள் வேலை பார்த்திருந்தாலே போதும் என்று சென்னை உயர் நீதிமன்றம் மேட்டூர் பியர்ட்செல் வழக்கில் சொல்லியிருக்கிறது. இரண்டு மாதம் பொறுத்தால் அவருக்கு ஒரு நல்ல தொகை வருமென்றால், அந்த இரண்டு மாதத்தை அவரோடு உட்கார்ந்து பேசி முடிவு செய்யலாம். கேட்காமல் விட்டால் சாக்குச் சொல்லி விலகிவிடுவார்.

"நல்ல ஆள்னா காத்திருப்பான்"

உங்கள் எம்.டி.யின் இந்த வாக்கியத்தில்தான் எனக்கு முரண்பாடு. காத்திருக்க முடிபவர் யார் என்று யோசியுங்கள். வேறு அழைப்பு வராதவர். அல்லது வேலையில்லாமல் வீட்டில் இருப்பவர். கைத்தொழில் தெரிந்தவர் நௌக்ரி வேலைவாய்ப்புத் தளத்தில் தன் பக்கத்தைப் புதுப்பித்த மறுநாளே போன் வர ஆரம்பித்துவிடும். 'நோட்டீஸில் இருக்கிறார்' என்று காட்டினால் கேட்கவே வேண்டாம். ஆர்.எஸ்.புரம் உழவர் சந்தைக்குக் காலை ஆறு மணிக்குப் போவதற்கும் பத்து மணிக்குப் போவதற்கும் உள்ள வித்தியாசம் உங்களுக்குத் தெரியாததல்ல. பத்து மணிக்கும் காய் இருக்கும்.

கணக்காகவே பார்க்கலாம். ஒவ்வொரு கட்டத்திலும் நூற்றுக்கு 15 பேர் கழன்றுகொள்கிறார்கள் என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்வோம். ஏழு கட்டம் முடியும்போது 32 பேர் மிச்சம். மூன்றே கட்டம் என்றால் 61 பேர். இந்த 29 பேரையும் யாரும் தேர்வில் தோற்கடிக்கவில்லை, காத்திருப்புதான் தள்ளிவிட்டது. அவர்களில் யார் முதலில் போயிருப்பார்கள் என்பதற்கு அந்த ஈரோட்டுப் பெண்ணே சாட்சி. லீவு கிடைக்காதவர்கள், ஷிஃப்டில் இருப்பவர்கள், கைக்குழந்தை உள்ளவர்கள், வெளியூரிலிருந்து பஸ் ஏறி வருபவர்கள். அவளுக்கு ஒவ்வொரு முறையும் ஒருநாள் சம்பளமும் பஸ் காசும் போயிருக்கும். அதைவிட, சூப்பர்வைசரிடம் சொல்ல ஒரு புதுப் பொய் தேவைப்பட்டிருக்கும். பாட்டி எத்தனை முறை சாவார்?

ஆகவே உங்கள் ஏழு கட்டம் பொறுமைசாலிகளைச் சலித்து எடுக்கிறது என்று எண்ண வேண்டாம். கையில் வேலையும் வெளியே மதிப்பும் உள்ளவர்களைத்தான் அது முதலில் வெளியே தள்ளுகிறது.

சம்பளம்தான் காரணமா?

ஓரளவுக்கு. ஆனால் நீங்கள் நினைக்கிற விதத்தில் இல்லை. விலகியவரிடம் ஏன் என்று கேட்டால் "வேற இடத்துல கொஞ்சம் கூட தர்றாங்க மேடம்" என்பார். யாரையும் புண்படுத்தாத பதில் அது. "உங்க எம்.டி. என்னை மூணு மணி நேரம் உட்காரவெச்சார்" என்று யார் சொல்வார்கள்?

உங்கள் இடத்தில் சம்பளம் பிரச்சினையாவதற்கு வேறொரு காரணம் உண்டு. 52ஆம் நாள் வரை தொகையை நீங்கள் வாயால் சொல்வதே இல்லை. சி.டி.சி. (நிறுவனம் ஓர் ஊழியருக்காகச் செலவிடும் மொத்தத் தொகை) என்று ஒரு பெரிய எண்ணைக் காட்டி, பி.எஃப்., கிராஜுவிட்டி, இன்சூரன்ஸ் எல்லாம் கழித்துக் கைக்கு வருவது இவ்வளவுதான் என்று அவர் கண்டுபிடிக்கும்போது நாலு லீவு போட்டு முடித்திருப்பார். ஏமாற்றப்பட்ட உணர்வு அங்கேதான் பிறக்கிறது. "மாதம் கைக்கு இத்தனையிலிருந்து இத்தனை வரை" என்று முதல் போனிலேயே சொல்லிவிடுங்கள். ஒத்துவராதவர் அன்றே விலகிவிடுவார். அது இழப்பில்லை, இருவருக்கும் நேரம் மிச்சம்.

அந்த வீட்டு டிசைன் வேலை. இதைக் கொஞ்சம் கடுமையாகவே சொல்ல வேண்டியிருக்கிறது. உங்கள் பழைய இம்பெல்லர் (பம்புக்குள் சுழன்று தண்ணீரைத் தள்ளும் சக்கரம்) மாடலில் எடையைக் குறைத்து, புது டிராயிங் போட்டு, கோஸ்டிங்கோடு கொண்டுவரச் சொல்கிறீர்கள். அனுபவம் உள்ளவருக்கே ஒரு சனி ஞாயிறு முழுதும் போய்விடும். "என் டிசைனை ஓசியில வாங்கிக்கறாங்களோ" என்ற சந்தேகம் அவருக்கு வராதா? நீங்கள் அப்படிச் செய்பவர்கள் இல்லை என்று நம்புகிறேன். ஆனாலும் தெரிந்துகொள்ளுங்கள்: 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவுப்படி வேலையில் இருப்பவர் அந்த வேலையாக வரைந்தால் உரிமை நிறுவனத்துக்கு. விண்ணப்பதாரர் உங்கள் ஊழியர் இல்லை. அவர் வரைந்த டிராயிங் அவருடையது. எழுத்து மூலம் மாற்றித் தராத வரை அதை எடுத்து ஃபவுண்டரிக்கு அனுப்பினால் வழக்குக்கு இடம் உண்டு.

இத்தனை கட்டம் எங்கிருந்து வந்தது?

கடிதத்தின் மூன்றாம் பக்கத்தில் போகிறபோக்கில் ஒன்று எழுதியிருக்கிறீர்கள். நாலு வருடம் முன்பு போலி அனுபவச் சான்றிதழ் காட்டிச் சேர்ந்த ஒருவர், ஆறு மாதத்தில் கொள்முதலில் கைவைத்துவிட்டுப் போனார். அதற்குப் பிறகுதான் நாலு கட்டம் ஏழானது. எம்.டி.யின் பயம் எனக்குப் புரிகிறது. சொந்தப் பணம் போட்டு நடத்துபவருக்கு அந்த வலி ஆறாது. இப்போது வீடியோ இன்டர்வியூவில் ஒருவர் வாயசைக்க இன்னொருவர் பதில் சொல்கிற கூத்தும் நடக்கிறது, அதையும் மறுப்பதற்கில்லை.

ஆனால் அந்த மோசடிக்காரரை ஏழு ரவுண்டு பிடித்திருக்குமா? நன்றாகப் பேசத் தெரிந்ததால்தானே அவர் உள்ளே வந்தார்! அவர் எட்டாவது ரவுண்டிலும் நன்றாகவே பேசியிருப்பார். போலிச் சான்றிதழுக்கு மருந்து ஆவணச் சரிபார்ப்பு. விண்ணப்பதாரரைத் தன் போனில் பி.எஃப். கணக்கைத் திறந்து, எந்த நிறுவனத்தில் எந்தத் தேதி முதல் எந்தத் தேதி வரை என்ற விவரத்தைக் காட்டச் சொல்லுங்கள். பி.எஃப். பிடித்த இடமெல்லாம் அதில் வரும். பத்து நிமிட வேலை. பழைய மேலாளர் ஒருவரோடு போனில் பேசுவது இன்னும் பத்து நிமிடம்.

ரவுண்டு கூடக் கூடத் தெளிவு கூடும் என்பதும் பலர் நம்புகிற ஒன்று. கூகுள் நிறுவனம் ஒரு காலத்தில் ஒரே ஆளுக்குப் பத்துப் பன்னிரண்டு நேர்காணல் வரை வைத்தது. பிறகு தன் பழைய பதிவுகளைத் தானே அலசிப் பார்த்தது. நாலு பேர் பேசி முடித்த நிலையிலேயே 86 சதவீத நம்பிக்கையோடு முடிவெடுக்க முடிகிறது, ஐந்தாவதிலிருந்து ஒவ்வொரு நேர்காணலும் ஏறக்குறைய ஒரு சதவீதம்தான் கூட்டுகிறது என்று தெரிந்ததும் நாலோடு நிறுத்திக்கொண்டது. ஆள் தேர்வு பற்றிய 85 ஆண்டு ஆய்வுகளைத் தொகுத்து ஷ்மிட், ஹன்டர் என்ற இரண்டு அமெரிக்க உளவியலாளர்கள் 1998இல் எழுதிய கட்டுரை இந்தத் துறையில் பெயர்பெற்றது. வேலையின் ஒரு துண்டைச் செய்யவைத்துப் பார்ப்பதும், எல்லோரிடமும் ஒரே கேள்விகளைக் கேட்டு ஒரே அளவுகோலில் மதிப்பெண் போடுவதும் ஆளைக் கணிக்க உதவுகின்றன. வெறும் அனுபவ ஆண்டுகளை எண்ணுவது அதிகம் உதவுவதில்லை. 2022இல் வேறொரு குழு அந்தக் கணக்குகளைத் திருத்திப் போட்டபோதும் ஒழுங்குபடுத்திய நேர்காணல்தான் முதலிடத்தில் நின்றது. உங்கள் பிளான்ட் ஹெட், "சொந்த ஊர் எது, அப்பா என்ன செய்யறார்" என்று முக்கால் மணி நேரம் பேசுவது இந்த வகையில் சேராது.

இருபத்தைந்து வருடமாக இந்தத் தொழிலில் இருக்கிறேன். ஆரம்பத்தில் ஒரு பஞ்சாலையில் பர்சனல் ஆபீசரிடம் உதவியாளன். அன்று மேஸ்திரி கைகாட்டினால் மறுநாள் காலை ஷிஃப்டில் ஆள் நிற்பார். அது சரியான முறை என்று சொல்ல வரவில்லை, சாதியும் சொந்தமும் அதில் நிறைய விளையாடின. ஆனால் ஒன்று இருந்தது. ஆள் சரியில்லையென்றால் "யார் கொண்டுவந்த ஆள்?" என்று கேட்பார்கள், மேஸ்திரி தலைகுனிவார். இன்று ஏழு பேர் கையெழுத்துப் போடுகிறார்கள், தவறிப்போனால் யாரையும் கேட்க முடியாது. பல நிறுவனங்களில் ரவுண்டுகள் பெருகுவதற்கு இதுதான் உள்காரணம் என்பது என் அனுபவம். முடிவைத் தனியாகச் சுமக்க ஒருவருக்கும் மனம் வருவதில்லை.

எம்.டி. சொன்ன யோசனைகள்

ஒரிஜினல் சர்டிபிகேட்: வேண்டவே வேண்டாம். பார்த்துவிட்டுத் திருப்பித் தரலாம், வைத்துக்கொள்ள உங்களுக்கு உரிமையில்லை. கல்லூரிகள் சான்றிதழைப் பிடித்துவைத்த வழக்குகளில், சான்றிதழ் விற்பனைச் சரக்கல்ல, அதை அடமானம் போல வைத்திருக்க முடியாது என்று சென்னை உயர் நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. வேலைக்கே இன்னும் சேராதவரின் சான்றிதழை வைத்திருந்தால் உங்கள் நிலை அதைவிட மோசம். போலீசில் புகார் கொடுத்தால் பதில் சொல்ல வேண்டியவர் எம்.டி. அல்ல, வாங்கி அலமாரியில் வைத்துப் பூட்டிய நீங்கள். எனவே இதை எழுத்தில் மறுத்துவிடுங்கள்.

50,000 ரூபாய் எழுத்து: 1872ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 74ஆம் பிரிவு, ஒப்பந்தத்தில் என்ன தொகை எழுதியிருந்தாலும் நியாயமான இழப்பீட்டுக்கு மேல் கிடைக்காது என்கிறது. அவர் சேராததால் உங்களுக்கு எவ்வளவு நஷ்டம் என்று காட்ட வேண்டிவரும். அவரை வந்து சேரச் சொல்லி எந்த நீதிமன்றமும் கட்டாயப்படுத்தாது. 2025 மே மாதம் விஜயா வங்கி வழக்கில் உச்ச நீதிமன்றம் இரண்டு லட்ச ரூபாய் நிபந்தனையை ஏற்றுக்கொண்டதே என்று உங்கள் ஆடிட்டர் சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். உண்மைதான். ஆனால் அங்கே ஒருவர் சேர்ந்து வேலை பார்த்துவிட்டு, ஒப்புக்கொண்ட மூன்று ஆண்டுக்கு முன் விலகினார். பொதுத்துறை வங்கி திறந்த போட்டித் தேர்வு நடத்தித்தான் இன்னொருவரை எடுக்க முடியும், அதற்குச் செலவு அதிகம் என்பதையும் நீதிமன்றம் கணக்கில் எடுத்தது. உங்கள் கதை வேறு.

கையெழுத்துப் போட்ட செக்: கடன் ஏதும் இல்லாத நேரத்தில் வாங்கிய செக்கை வங்கியில் போட்டுத் திரும்பினால், செலாவணி முறிச் சட்டத்தின் (செக் திரும்புவது பற்றிய சட்டம்) 138ஆம் பிரிவு வழக்கில் "சட்டப்படி வசூலிக்கத்தக்க பாக்கி எது?" என்பதுதான் முதல் கேள்வி. உங்களிடம் பதில் இருக்காது.

சட்டத்தை விடுங்கள். ஆஃபரோடு சர்டிபிகேட்டும் செக்கும் கேட்டால் மறுநாள் அது கோவைப் பொறியாளர்களின் வாட்ஸப் குழுவெல்லாம் சுற்றும். செக்கை நீட்டிவிட்டுச் சேர்பவர் யார்? மறுபடியும் வேறு வழி இல்லாதவர்தான். ஆஃபர் கொடுத்துவிட்டு மாதக்கணக்கில் சேரவிடாமல் இழுத்த பெரிய ஐ.டி. நிறுவனங்களையும், சேரும் முன்பே ஆஃபரைத் திரும்ப வாங்கியவர்களையும் 2022, 2023இல் இந்தத் தலைமுறை கண்ணால் பார்த்திருக்கிறது. அவர்கள் கையில் ஒன்றுக்கு இரண்டு ஆஃபர் வைத்துக்கொள்வதை நான் குற்றம் சொல்ல மாட்டேன். மன உறுதி டெஸ்ட் பற்றிப் பேச ஒன்றுமில்லை, இருப்பதைக் குறைக்க வழி தேடும்போது எட்டாவது எதற்கு?

சட்டப் பேச்சின் கடைசியாக, நீங்கள் கேட்காத இரண்டு. உங்கள் பதினொரு பக்கப் படிவம் பெண்களிடம் "திருமணத் திட்டம்", "குழந்தைத் திட்டம்" கேட்கிறது. 2019ஆம் ஆண்டு ஊதியச் சட்டத் தொகுப்பின் 3ஆம் பிரிவு ஆள் எடுப்பதில் பாலின பாகுபாடு கூடாது என்கிறது. அந்தக் கேள்வியை நாளைக்கே எடுத்துவிடுங்கள். ஆதார், பான், மூன்று மாத வங்கிக் கணக்கு விவரம் எல்லாம் முதல் நாளே கேட்கிறீர்கள். 2023ஆம் ஆண்டு டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்துக்கு 2025 நவம்பரில் விதிகளும் வந்துவிட்டன. தேவைக்கு மேல் வாங்கிக் குவிப்பது இனி உங்களுக்கே சுமை. சேர்க்கும்போது வாங்க வேண்டியதை அப்போது வாங்குங்கள்.

எம்.டி.யிடம் எப்படிப் பேசுவது

"நம்ம முறை சரியில்ல சார்" என்று ஆரம்பித்தால் கதவு சாத்திக்கொள்ளும். அவர் கணக்குப் பார்க்கிற மனிதர். ஆகவே கணக்கைக் கொண்டுபோங்கள். கடைசியாக வந்த 20 பேருக்கு ஒரு எக்செல் போடுங்கள். ஒவ்வொரு கட்டத்துக்கும் இரண்டு நெடுவரிசை: ஆள் எடுத்துக்கொண்ட நாள், நாம் எடுத்துக்கொண்ட நாள். அவ்வளவுதான். விளக்கம் எழுத வேண்டாம், தாளை அவர் முன் வைத்துவிட்டுத் தண்ணீர் குடியுங்கள்.

விலகிய 19 பேரில் ஒரு எட்டுப் பேரையாவது கூப்பிடுங்கள். திரும்ப வரச் சொல்ல அல்ல. "எந்த இடத்தில் வேண்டாம்னு தோணுச்சு?" என்று ஒரே கேள்வி. மாலை ஏழு மணிக்கு மேல் கூப்பிடுங்கள், பகலில் பக்கத்தில் சூப்பர்வைசர் இருப்பார்.

பிறகு ஒரே ஒரு வேலைக்கு, பரீட்சார்த்தமாக மூன்று மாதத்துக்கு மட்டும், சின்ன முறை ஒன்றைக் கேட்டுப் பெறுங்கள். நான் பரிந்துரைப்பது இது. போனில் 20 நிமிடம், சம்பளம், ஷிஃப்ட், இடம் மூன்றையும் சொல்லி. அடுத்து ஒரே நாளில், முடிந்தால் சனிக்கிழமை, எல்லாம். பிழையோடு உள்ள ஒரு பழைய டிராயிங்கைக் கொடுத்து நாற்பது நிமிடத்தில் தவறுகளைக் கண்டுபிடிக்கச் சொல்லுங்கள். தரக் கட்டுப்பாட்டு ஆள் என்றால் அளவு பார்க்கும் வெர்னியரும் ரிஜெக்ட் ஆன நாலைந்து காஸ்டிங்கும் (வார்ப்புப் பாகம்) கையில் கொடுங்கள், அவர் அதைத் திருப்பிப் பார்க்கிற விதத்திலேயே பாதி தெரிந்துவிடும். அதன் பிறகு டெக்னிக்கல் ஆளும் பிளான்ட் ஹெட்டும் சேர்ந்து ஒரே மேஜையில், எழுதிவைத்த கேள்விகளோடு. ஷாப் ஃப்ளோரை அவருக்குச் சுற்றிக் காட்டுங்கள். சேராமல் போன நால்வரில் எத்தனை பேர் தாங்கள் வேலை செய்யப்போகிற மெஷினைக் கண்ணால் பார்த்திருந்தார்கள்? மூன்றாவதாக எம்.டி., நேரிலோ வீடியோவிலோ 15 நிமிடம், மூன்று வேலை நாளுக்குள். அவர் ஊரில் இல்லாவிட்டால் அவருக்குப் பதில் கையெழுத்துப் போடுபவர் யார் என்பதை முன்பே எழுதி வாங்கிவிடுங்கள். இந்த ஒரு வரிக்காகத்தான் நீங்கள் அதிகம் போராட வேண்டியிருக்கும். மீதிப் பரிசோதனைக்கு ஆறு மாதப் பயிற்சிக் காலம் உங்கள் கையில் இருக்கிறது.

ஆஃபர் கொடுத்த பின் அறுபது நாள் அப்படியே விட்டுவிடாதீர்கள். அவர் ராஜினாமா கொடுத்த அன்று மேலாளர் ஒரு போன், பாதியில் ஒரு டீக்கு அழைப்பு, வெளியூர்க்காரர் என்றால் சரவணம்பட்டிப் பக்கம் வீடு பார்க்க ஒரு கை உதவி. வேறு தந்திரம் எனக்குத் தெரியாது.

இத்தனையும் செய்தாலும் சிலர் போவார்கள். பழைய முதலாளி கூட்டிக் கொடுப்பார், பெங்களூரு அழைக்கும், வீட்டில் அப்பாவுக்கு உடம்பு முடியாமல் போகும். ஒன்பதுக்கு நாலு என்பதை ஒன்பதுக்கு ஒன்று, இரண்டாக்கலாம். பூஜ்ஜியமாக்கித் தருவேன் என்று எந்த ஆலோசகராவது சொன்னால் காபி கொடுத்து அனுப்பிவிடுங்கள்.

ஒன்பது நாளாகக் காத்திருக்கும் அந்த டிசைனர் விஷயம். இந்தப் பதிலைப் படித்து முடித்ததும் அவரைக் கூப்பிடுங்கள். "உங்களைத் தேர்ந்தெடுத்தாச்சு" என்று சொல்லாதீர்கள், கையெழுத்து இல்லாமல் அதைச் சொல்ல உங்களுக்கு அதிகாரமில்லை. நம்பி அவர் வேலையை விட்டுவிட்டால் விபரீதம். "எல்லா ரவுண்டும் நல்லா பண்ணியிருக்கீங்க, ஒரு கையெழுத்து பாக்கி, வெள்ளிக்கிழமை மாலை நாலு மணிக்கு ஆமா இல்லைன்னு நானே கூப்பிட்டுச் சொல்றேன், அதுவரைக்கும் ராஜினாமா கொடுத்துடாதீங்க" என்று சொல்லுங்கள். வெள்ளிக்கிழமை கையெழுத்து வராவிட்டாலும் நாலு மணிக்குக் கூப்பிடுங்கள்.